கணக்குக் கேட்ட கிராமங்களும் கணினித் திரையும்

புது தில்லி: தகவல் தொழில்நுட்பம் சமூக மாற்றத்தைக் கொண்டுவரும் என்ற பேச்சு தலைநகரின் கருத்தரங்குகளில் ஓயாமல் ஒலிக்கிறது. ஆனால், கணினி வருவதற்கு முன்பே கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட மக்களிடம்தான் அது பயன் தருகிறது என்பதற்கு ராஜஸ்தானின் அனுபவமே சான்று.

1990 மே 1-ம் தேதி, அம்மாநிலத்தின் பீம் வட்டாரத்தில் சிறு விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் கூடி "மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்" என்ற அமைப்பைத் தொடங்கினர். ஐஏஎஸ் பணியைத் துறந்தவரும், சென்னையில் பிறந்தவருமான அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் அதன் முன்னோடிகள்.

அரசுப் பணிகளில் குறைந்தபட்சக் கூலி கேட்ட தொழிலாளர்களிடம், அவர்கள் முழு வேலை செய்யவில்லை என ஏட்டில் பதிவாகியிருப்பதாக அதிகாரிகள் கூறினர். அந்த ஏட்டைக் காட்டுமாறு கேட்டபோது, அது அரசு ரகசியம் என்றனர். தகவல் உரிமைப் போராட்டத்தின் விதை இதுதான்.

ஊர் நடுவே விசாரணை

1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் முதலாவது "ஜன் சுன்வாய்" (மக்கள் விசாரணை) நடைபெற்றது. வருகைப் பதிவேடுகளும் செலவுச் சீட்டுகளும் ஊரார் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டதும், முடியாத பணிகள் முடிந்ததாகக் காட்டப்பட்டதும் அம்பலமாயின. எழுத்தறியாதவர்களும் ஏட்டின் பொய்யைக் கண்டுபிடித்தனர். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஏட்டின் நகல் மட்டுமே.

1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தொடங்கிய தர்னா 40 நாள்கள் நீடித்தது. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்ற முழக்கம் அங்கிருந்து நாடெங்கும் பரவியது. 1997-ல் தமிழகம் நாட்டிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியபோதிலும், அதில் விதிவிலக்குகள் மிகுந்திருந்தன. ராஜஸ்தான் 2000-ல் சட்டம் இயற்றியது. மத்திய சட்டம் 2005 அக்டோபர் 12-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

கேட்காமலே தகவல்

மனு எழுதி, 30 நாள்கள் காத்திருப்பது கூலித் தொழிலாளிக்கு எளிதன்று. மக்கள் கேட்காமலே தகவல்களை வெளியிட வேண்டும் என்று அச்சட்டத்தின் 4-வது பிரிவு கூறியும், பெரும்பாலான துறைகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

இக்குறையைப் போக்க, 2019 செப்டம்பர் 13-ல் ராஜஸ்தான் அரசு "ஜன் சூச்னா" இணையதளத்தைத் தொடங்கியது. எந்தெந்தத் தகவல்களை, எந்த வடிவில் வெளியிடுவது என்பதை அதிகாரிகளும் மக்கள் அமைப்புகளும் கூடிப் பேசி முடிவு செய்தனர். நியாயவிலைக் கடை வழங்கிய தானியம், ஓய்வூதியம் பெறுவோர் பட்டியல், ஊராட்சிப் பணிகளின் செலவு எனப் பலவற்றையும் ஊர்வாரியாகப் பார்க்க முடிந்தது. ஒருகாலத்தில் ரகசியம் எனப்பட்ட ஏடு திரைக்கு வந்தது. 2021-ல் கர்நாடகமும் "மாஹிதி கணஜ" என்ற பெயரில் இதே வழியைப் பின்பற்றியது.

இருமுனைக் கத்தி

அதே தொழில்நுட்பம் மேலிருந்து திணிக்கப்படும்போது விளைவு வேறாகிறது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி முதல், பணியிடங்களில் செல்போன் செயலி மூலம் புகைப்படத்துடன் வருகையைப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. இணைப்புக் கிடைக்காத இடங்களில், உழைத்தவரின் வருகையே பதிவாகாமல் போனது. முறைகேடும் ஒழியவில்லை. தொடர்பில்லாத படங்களும், படத்தையே படமெடுத்த படங்களும் பதிவேற்றப்படுவதை 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுட்டிக்காட்டியது.

இரு நடைமுறைகளுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. ஒன்று அரசை மக்கள் கண்காணிக்க உதவியது. மற்றொன்று மக்களை அரசு கண்காணிக்கிறது.

இப்போது கவலை வேறு திசையிலிருந்து எழுந்துள்ளது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் அனைத்தையும் மறுக்க இடமளிக்கிறது. பொதுநலன் கருதி வெளியிட 8(2) பிரிவு இருக்கிறது என்கிறது அரசு. ஆனால், கூலி பெற்றவரின் பெயரே தனிநபர் தகவல் எனக் கூறி மறைக்கப்பட்டால், போலிப் பெயரை ஊரார் எவ்வாறு கண்டறிவர் என்று தகவல் உரிமை ஆர்வலர்கள் கேட்கின்றனர்.

கோட் கிரானாவில் பொய்க் கணக்கை உடைத்தது, பெயர்களை ஊர் நடுவே உரக்க வாசித்ததுதான். அந்தப் பெயர்கள் மீண்டும் ரகசியமானால், எத்தனை இணையதளங்கள் இருந்தும் பயனில்லை.