மலைப்பள்ளியும் முதுநிலைக் கல்வியியலும்

ஆசிரியரைப் பயிற்றும் ஆசிரியரை உருவாக்குவது எம்.எட். பட்டப்படிப்பு. 2015 முதல் ஈராண்டாக நீண்ட அப்படிப்பில் கல்வி மெய்யியல், உளவியல், ஆய்வு முறையியல் எனப் பாடங்கள் பல. எனினும் ஆய்வேடே அதன் உயிர்நிலை என்போம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில் வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். பெயர் மயக்கம் தரலாம்; அவர்தம் தாய்மொழி தமிழே. பிள்ளைகள் பலர் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் பயில்கின்றனர். இல்லத்து மலைவழக்கிலிருந்து பாடநூல் தமிழுக்கு வருங்கால் முதல் வகுப்புக் குழந்தை எச்சொல்லில் தடுமாறுகிறது? வினாநிரலைக் கொடுத்து வாங்கும் ஆய்வு இதற்கு விடை தாராது. வெள்ளிமலையில் ஒரு பருவமேனும் தங்கி, கேட்டு எழுதுதல் வேண்டும்.

இலக்கணமும் வட்டார வழக்கும் கற்றபின் எம்.எட். பயிலச் செல்லும் நம் துறை மாணவருக்கு இஃது இயலாத பணியன்று. அவர் தொகுக்கும் சொற்பட்டியல் முதலில் அம்மலைப்பள்ளி ஆசிரியர் கைக்குச் செல்லட்டும். நூலக அடுக்குக்குப் பின்னர் வரலாம்.