புதிய வழக்கறிஞர் உடனே தனி அலுவலகம் திறக்க வேண்டுமா?

சட்டப் படிப்பை முடித்து பார் கவுன்சிலில் பதிவு செய்துவிட்ட பிள்ளையிடம் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி, "எப்போ போர்டு மாட்டப் போறே?" என்பதுதான். மகனின் பெயரை, மகளின் பெயரை வாசலில் பார்க்க வாப்பாவுக்கு ஆசை. நகையைக் கழற்றிக் கொடுக்கவும் உம்மா தயார். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் போர்டு மாட்டிய மாதத்திலிருந்தே வாடகை கொடுத்தாக வேண்டும். வழக்குகள் அப்படி மாதாமாதம் தேடி வருவதில்லை.

முதல் மூன்று ஆண்டுகள்

பதிவுக்குப் பிறகு அகில இந்திய பார் தேர்வில் தேறினால்தான் தொடர்ந்து தொழில் செய்ய முடியும். அதில் தேறுவதால் மட்டும் தொழில் கைவந்துவிடாது. பிராது எழுதுவது, குறுக்கு விசாரணை செய்வது, நீதிமன்ற அலுவலகத்தில் மனு ஏன் திருப்பப்படுகிறது என்று அறிவது, தோற்கக்கூடிய வழக்கைக் கட்சிக்காரரிடம் எப்படிச் சொல்வது ஆகியவற்றை ஒரு நல்ல சீனியரிடம்தான் கற்க முடியும்.

ஜூனியர்களுக்கு நகர்ப்புறத்தில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப்புறத்தில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகக் கொடுக்கும்படி இந்திய பார் கவுன்சில் 2024 அக்டோபரில் பரிந்துரைத்தது. இது கட்டாயமல்ல, எல்லா இடத்திலும் கிடைப்பதும் இல்லை. ஆனாலும் கேட்பதற்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. சிவில் நீதிபதி தேர்வு எழுத 3 ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்ததால், நீதிபதியாக விரும்பும் பிள்ளைகளுக்கும் இந்த ஆண்டுகள் முக்கியமானவை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஓர் உதாரணத்திற்கு, வாடகை 7,000, உதவியாளர் சம்பளம் 8,000, மின்சாரம், இணையம், காகிதச் செலவு 2,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 17,000 ரூபாய். ஆண்டுக்கு 2,04,000 ரூபாய். அட்வான்ஸ், மேசை, நாற்காலி, கணினி, புத்தகங்கள் தனி. முடிவெடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. ஒரு வருடச் செலவுக்கான பணம் வட்டியில்லாமல் கையில் இருக்கிறதா?
2. சீனியரின் கட்சிக்காரர்களை விட்டுவிட்டால், உங்கள் பெயரைக் கேட்டு வருபவர்கள் எத்தனை பேர்?
3. அவர்கள் தரும் கட்டணம் ஆறு மாதமாவது மாதச் செலவை ஈடுகட்டியிருக்கிறதா?

மூன்றுக்கும் திருப்தியான பதில் இல்லையென்றால் பொறுப்பதே நல்லது. விளம்பரம் செய்து ஆள் சேர்க்கலாம் என்றும் நினைக்க முடியாது. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. பெயர்ப் பலகைகூட அளவோடுதான் இருக்க வேண்டும்.

வட்டி, பங்கு, அமானத்

நகையை வட்டிக்கு அடகு வைத்து அலுவலகம் திறந்தால், ஹலாலான தொழிலின் முதல் செங்கல்லே ஹராமில் வைக்கப்படுகிறது. வட்டிக்குப் பதிலாக மாமாவோ சாச்சாவோ பணம் போட்டு, வருமானத்தில் பங்கு எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். கடைக்கு அது பொருந்தும்; வக்கீல் தொழிலுக்குப் பொருந்தாது. வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கிட பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே உறவினர் உதவி அன்பளிப்பாகவோ வட்டியில்லா அழகிய கடனாகவோதான் இருக்க முடியும். கடன் என்றால் தொகையையும் தவணையையும் சாட்சிகளோடு எழுதிக்கொள்ளுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282 பேசுவதே கடனை எழுதிவைப்பதைப் பற்றித்தான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நீதிமன்றத்தில் கட்டுவதற்காகக் கட்சிக்காரர் கொடுத்த பணம் அமானத். வாடகைக்கு நாள் நெருங்கும்போது, "இப்போது எடுத்துக்கொண்டு பிறகு வைத்துவிடலாம்" என்ற எண்ணம் வரும். தகுதியில்லாத வழக்கையும் "ஜெயித்துவிடலாம்" என்று சொல்லி வாங்கத் தோன்றும். அவசரமாகத் திறந்த அலுவலகம் நல்ல பிள்ளைகளையும் இந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

நடுவழி இருக்கிறது

வீட்டின் முன்னறையில் ஒரு மேசை போட்டுத் தொடங்கலாம். இரண்டு மூன்று வழக்கறிஞர்கள் சேர்ந்து ஓர் அறையின் வாடகையைப் பிரித்துக்கொள்ளலாம். வாய்தா தேதிகளை இ-கோர்ட்ஸ் செயலியிலேயே பார்த்துவிடலாம்.

அதேநேரம் அலுவலகம் உண்மையிலேயே தேவைப்படும் சூழலும் உண்டு. குலா, ஜீவனாம்சம், வாரிசுரிமை போன்ற விஷயங்களை நீதிமன்ற வராந்தாவில் நின்று பேச நம் பெண்கள் கூச்சப்படுவார்கள். அவர்களுக்காக வேலை செய்யும் வழக்கறிஞருக்கு, குறிப்பாகப் பெண் வழக்கறிஞருக்கு, மறைவாகப் பேச ஓர் அறை அவசியம். அத்தகையவர்கள் தேடி வரத் தொடங்கிவிட்டால் தயங்க வேண்டாம்.

மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர ஸஅத் பின் ரபீஃ (ரலி) முன்வந்தார்கள். அதை ஏற்காமல் அவர்களுக்காக துஆ செய்துவிட்டு, அப்துர் ரஹ்மான் (ரலி) கேட்டது கடைத்தெருவுக்கான வழியைத்தான். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். பெரும் செல்வம் பிறகுதான் வந்தது.

குடும்பத்தோடு மஷூரா செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள், பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள். போர்டு ஒரு வருடம் தாமதமாக மாட்டப்பட்டால் இழப்பு ஒன்றுமில்லை. நம் பிள்ளைகளின் தொழிலில் அல்லாஹ் பரகத் செய்வானாக! ஆமீன்.