தீ தெரியாது, ஆனா எரியும்! வீட்டில் செய்யும் கேட்டலிடிக் ஸ்டவ் ட்ரெக்கிங்குக்கு செட் ஆகுமா?

எடை குறையணும் என்பதற்காக டூத் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டிவிட்டுப் பையில் வைக்கும் ஆட்களைத் தெரியுமா? அமெரிக்காவின் அப்பலாச்சியன் ட்ரெயிலில் இவர்கள் நிறைய பேர். ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை 14 மாநிலங்களைக் கடந்து போகும், சுமார் 3,500 கி.மீ நீளமுள்ள நடைபாதை அது. மொத்தத்தையும் ஒரே மூச்சில் நடக்க 5 முதல் 7 மாதங்கள் ஆகும். அவ்வளவு நாள் எல்லாவற்றையும் முதுகில் சுமக்கும்போது ஒவ்வொரு கிராமும் கணக்குதான்.

இந்த 'அல்ட்ராலைட்' கோஷ்டி அதிகம் கைவைக்கும் பொருள், அடுப்பு. கடையில் கிடைக்கும் 100 கிராம் கேஸ் கேன், டப்பாவோடு சேர்த்தால் சுமார் 200 கிராம் வந்துவிடும். அதற்குப் பதில் இரண்டு கூல்டிரிங்க்ஸ் டின்களின் அடிப்பாகத்தை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, ஓரத்தில் ஊசியால் துளை போட்டால் ஆல்கஹால் அடுப்பு ரெடி. எடை 15 கிராம்கூட வராது.

அதிலும் திருப்தியடையாத சிலர் அடுத்த கேள்விக்குப் போனார்கள். 'தீயே இல்லாம சூடு மட்டும் வந்தா எப்படி இருக்கும்?' கேட்டலிடிக் ஸ்டவ் பரிசோதனைகளுக்குப் பின்னால் இருப்பது இந்த ஆசைதான்.

தீ இல்லாம எப்படிங்க எரியும்?

பள்ளி வேதியியலில் வினையூக்கி என்று படித்திருப்போம். ஒரு வினையை வேகப்படுத்தும், ஆனால் தான் மட்டும் கரையாது. பிளாட்டினம் அப்படி ஒரு கில்லாடி. எரிபொருளின் ஆவியும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சூடான பிளாட்டினத்தின் மேல் ஒன்றுசேர்ந்து, ஜுவாலை இல்லாமலே வெப்பத்தை வெளியிடும். உலோகம் மட்டும் செக்கச்செவேல் என ஒளிரும்.

சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு கண்டுபிடித்த ஹம்ப்ரி டேவி, 1817-லேயே இதைக் காட்டிவிட்டார். ஜப்பானில் நீச்சி மடோபா என்பவர் 1923-ல் இதே தத்துவத்தில் ஒரு 'கை சூடேற்றி' செய்தார். 'ஹக்கின் கைரோ' என்று பெயர். பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் சின்ன உலோக டப்பா. இன்றும் விற்பனையில் இருக்கிறது. கார் சைலன்ஸர் பக்கத்தில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரிலும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் செய்வது இதே மாதிரி வேலைதான்.

அதனால் வீட்டில் பரிசோதனை செய்பவர்கள், கை சூடேற்றியின் மாற்று பர்னரையோ, பழைய கன்வெர்ட்டருக்குள் இருக்கும் தேன்கூடு போன்ற செராமிக் துண்டையோ எடுத்து, ஆல்கஹால் அடுப்பின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். முதலில் தீ வைத்துச் சூடாக்க வேண்டும். சூடு ஏறினால்தான் வினையூக்கி விழித்துக்கொள்ளும். கார் கன்வெர்ட்டருக்கே 250 டிகிரி செல்சியஸ் போலத் தேவைப்படும்.

டீ போட நாலரை மணி நேரம்!

ஒரு சின்ன கணக்குப் போடுவோம். 20 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 167 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 7 நிமிடத்தில் கொதிக்க வேண்டுமென்றால், தண்ணீருக்குள் சுமார் 400 வாட் போக வேண்டும். டின் அடுப்பு 20 மில்லி சொச்சம் ஆல்கஹாலில் இதை முடித்துவிடும்.

கை சூடேற்றி? 25 மில்லி பென்சின் ஊற்றினால் கிட்டத்தட்ட 24 மணி நேரம் சூடு தரும். கணக்குப் பார்த்தால் வெறும் 9 அல்லது 10 வாட். ஒரு துளி சூடுகூட வீணாகாமல் தண்ணீருக்குப் போனாலும், அரை லிட்டர் கொதிக்க நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிஜத்தில் பாத்திரம் வழியாகச் சூடு வெளியேறிக்கொண்டே இருப்பதால், தண்ணீர் கொதிக்கவே கொதிக்காது.

ஏன் இப்படி? வினை நடப்பது உலோகத்தின் மேற்பரப்பில் மட்டும்தான். 40 மடங்கு சூடு வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 40 மடங்கு பரப்பும், அதற்கேற்ற காற்றும் வேண்டும். அவசரப்பட்டு ஆவியை அதிகம் அனுப்பினால் உலோகம் ரொம்பச் சூடாகி, ஆவியே தீப்பற்றிக்கொள்ளும். அப்புறம் அது சாதாரண அடுப்புதான். குளிர்காற்று அடித்தாலோ உலோகம் சூடு குறைந்து தூங்கிவிடும். 'காத்து அடிச்சாலும் அணையாது' என்ற நம்பிக்கையும் இங்கே அடிவாங்குகிறது.

கண்ணுக்குத் தெரியாத வில்லன்

வேகம் குறைவு என்பதைக்கூட மன்னித்துவிடலாம். நிஜமான பிரச்னை வேறு. 'தீ இல்லையே, டென்ட்டுக்குள்ளயே வெச்சுக்கலாம்' என்று தோன்றும் பாருங்கள், அதுதான்.

ஜுவாலை இல்லையே தவிர, அங்கே எரிதல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆக்சிஜன் செலவாகிறது. காற்று போதாவிட்டாலோ, வினையூக்கி பாதி சூட்டில் இருந்தாலோ, எரிதல் பாதியில் நின்றுவிடும். அப்போது கார்பன் மோனாக்சைடு வரலாம். ஆல்கஹாலிலிருந்து கண்ணை எரிக்கும் ஆல்டிஹைடு வாயுக்களும் வரலாம். மெத்தனால் ஊற்றியிருந்தால் அது ஃபார்மால்டிஹைடு.

ஆல்டிஹைடாவது கண் எரிச்சலில் காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு தூக்கக் கலக்கம். நாள் முழுக்க மலை ஏறியவர் 'டயர்டா இருக்கு' என்று நினைத்துப் படுத்துவிடுவார். உயரமான இடங்களில் தலைவலி சகஜம் என்பதால் சந்தேகமே வராது. 3,500 மீட்டர் உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனவே எந்த அடுப்பானாலும் டென்ட்டுக்குள் கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை.

ஆசை இருக்கா? இப்படிச் செய்யலாம்

* தொடக்கத்துக்கு டின் அடுப்பே போதும். திறந்த வெளியில், சிமென்ட் தரையில், பக்கத்தில் மணல் வாளியோடு செய்யுங்கள்.
* பகல் வெளிச்சத்தில் ஆல்கஹால் தீ கண்ணுக்கே தெரியாது. 'அணைஞ்சிடுச்சு' என்று நினைத்து மறுபடி ஊற்றுவதுதான் பெரிய விபத்து. அடுப்பு முழுசா ஆறும்வரை பாட்டிலைத் திறக்காதீர்கள்.
* கன்வெர்ட்டர் செராமிக்கை வீட்டில் வெட்டாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. அப்பாவின் காருக்கும் ஆகாது!
* ஒவ்வொரு முறையும் எரிபொருள் எத்தனை மில்லி, கொதிக்க எத்தனை நிமிடம் என்று குறித்துவையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள்.
* பாத்திரத்துக்கு மூடியும், சுற்றி அலுமினியத் தகட்டில் ஒரு காற்றுத் தடுப்பும் வைத்துப் பாருங்கள். காற்று அடிக்கும் இடத்தில் பிளாட்டினம் தராத லாபத்தை இந்த இரண்டும் தரும்.

நம்ம ஊர் மலைக்கு?

அடுப்பு சூப்பராக வேலை செய்தாலும், தமிழ்நாட்டுக் காட்டுப் பாதைகளுக்கு அதைக் கொண்டுபோக நினைக்காதீர்கள். வனப்பகுதிக்குள் தீ மூட்டுவதும் தீப்பற்றும் பொருள்களை எடுத்துச் செல்வதும் தடைசெய்யப்பட்டவை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வெளியூர் ட்ரெக்கிங்குக்கு விமானத்தில் போகிறீர்களா? எரிபொருளுக்கு அங்கேயும் நோ என்ட்ரி. போகிற இடத்தில்தான் வாங்க வேண்டும்.

அப்படியானால் கேட்டலிடிக் ஸ்டவ் வேஸ்ட்டா? விரலைச் சூடாக்க அருமையான தத்துவம், டீ போட மோசமான அடுப்பு. இதை மொட்டை மாடியில் ஒரு தெர்மாமீட்டரும் நோட்டும் வைத்துக்கொண்டு நீங்களே கண்டுபிடித்தால், அதில் ஒரு கிக் இருக்கிறது. மலைக்குப் போகும்போது ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துட்டுப் போங்க!