தலைமடையும் கடைமடையும்

சிங்கப்பூரில் மூன்று எம்ஆர்டி ரயில் தடங்கள் வந்து கூடுகின்ற டோபி காட் நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்குகின்ற ஜனத்திரளில், தங்கள் காலடிக்கு அருகே ஒரு நீரோடை மூடுண்டு ஓடிக்கொண்டிருப்பதை அறிந்தவர் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ராஜதானியிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கடல் கடந்து வந்த சலவைத் தொழிலாளர்கள், அந்நாளில் பிராஸ் பாசா ஓடை எனப்பட்ட அதன் நீரில் துணி துவைத்து, அருகிலிருந்த திறந்த வெளியில் உலர்த்தி ஜீவனம் செய்தார்கள். அவர்களுடைய உழைப்பின் பெயரையே அவ்விடம் இன்றளவும் தாங்கி நிற்கிறது. ஓடையோ ஸ்டாம்ஃபோர்ட் கால்வாயாகிக் கான்கிரீட் கரைகளுக்குள் அடங்கிவிட்டது. சுற்றுச்சூழல் கொள்கை என்று அறிஞர் பேசுகின்ற விஷயத்தின் ஆதாரத் தத்துவங்களை இக்கால்வாயையும் அதைச் சேர்ந்த நீர்நிலைகளையும் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

ஒருவர் தமது காரியம் முடிந்த பிறகு எஞ்சுகின்ற அழுக்கை ஓடும் நீரிலோ வீசும் காற்றிலோ விட்டுவிட்டால், அந்த நஷ்டம் அவருடைய கணக்கில் ஏறுவதில்லை. ஆற்றோரம் குடியிருப்பவரும், அந்நீரில் மீன் பிடிப்பவரும், இனிப் பிறக்கப்போகும் சந்ததியாரும் அதைத் தம் உடலாலும் பொருளாலும் செலுத்துகிறார்கள். பொருளியலார் இதனைப் புறச்செலவு என்பர். தலைமடையில் நடப்பது கடைமடையைப் பாதிக்கும் என்பதை உணர்ந்தே நம் முன்னோர் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்னும் ஊழியரை நியமித்து, அவரிடம் மடையை ஒப்படைத்தார்கள். புறச்செலவை உண்டாக்கியவரையே அதற்குப் பொறுப்பாக்க ஒரு சமுதாயம் வகுக்கின்ற முறை கொள்கை. அம்முறையை நடத்தும் அதிகாரமும் கடமையும் யாருடையவை என்று வரையறுப்பது ஆளுகை.

சிங்கப்பூர் 1970-இல் பிரதமர் அலுவலகத்தின் கீழ் மாசுத் தடுப்புப் பிரிவொன்றையும், 1972-இல் சுற்றுச்சூழலுக்கெனத் தனி அமைச்சையும் ஏற்படுத்தியது. 1977 பிப்ரவரியில் மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பேசிய பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆறும் காலாங் வடிநிலமும் தூய்மை பெறவேண்டும் என்று இலக்கு வகுத்தார். அழுக்கு ஒரே வாயிலிலிருந்து வரவில்லை. பன்றிப் பண்ணைகளும், வாத்துப் பண்ணைகளும், கழிவுநீர்க் குழாயற்ற குடிசைகளும், தெருவோர உணவுக் கடைகளும், சரக்குத் தோணிகளும் அதில் பங்கு கொண்டிருந்தன. ஆகவே பல இலாகாக்கள் ஒரே நோக்கின் கீழ் இயங்கின. சுமார் 26,000 குடும்பங்கள் இடம் பெயர்ந்தன; அங்காடிக்காரர்களுக்கு நீரும் வடிகாலும் அமைந்த உணவங்காடி நிலையங்கள் எழுந்தன; 1987-இல் அப்பணி நிறைவெய்தியது. பண்ணைத் தொழிலை இழந்தவர்களின் துயரை எந்த வெற்றியும் மறைத்துவிடலாகாது. ஆயினும் தடைவிதிக்கும் அரசு மாற்றிடமும் தரக் கடமைப்பட்டது என்ற நியாயம் அங்கே செயலாயிற்று.

2008-இல் மரினா அணைக்கட்டு அமைந்தபின், ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய் சென்று சேரும் மரினா விரிகுடா நன்னீர்த் தேக்கமாயிற்று. ஆர்ச்சர்ட் சாலையில் பெய்யும் மழை இன்று குடிநீருக்கு ஆதாரம். ஆனால் 2010 ஜூன் 16 அன்று பெருமழை கொட்டியபோது, குப்பைகூளங்கள் அடைத்துக்கொண்ட அதே கால்வாய் வழிந்து, அச்சாலையின் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அதன்பின், கால்வாயை அகலப்படுத்துவதை மட்டும் நம்பியிராமல், நீர் பிறக்கும் இடம், ஓடும் வழி, சேரும் இடம் ஆகிய மூன்றிலும் பொறுப்பைப் பகிர்ந்தளித்தனர். 0.2 ஹெக்டேருக்குக் குறையாத புதிய கட்டுமானங்கள் தம் மனையிலேயே மழைநீரின் வேகத்தைத் தணிக்கவேண்டும் என்பது 2014 முதல் விதி. 38,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டியும், நீரைச் சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்பும் கால்வாயும் 2018-இல் நிறைவுற்றன. தீங்கு நேரும் என்பது ஐயமற நிரூபணமாகும்வரை காத்திராமல், முன்னரே தடுப்பை அமைப்பது முன்னெச்சரிக்கைத் தத்துவம்.

இதே தத்துவத்தையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற தத்துவத்தையும் 1996-இல் இந்திய உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று பிரகடனம் செய்தது, நம் பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கில்தான். அத்தனை உயர்ந்த தீர்ப்புக்குப் பின்னும், 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே ஆற்றின் மாசுக்காகவும், அதனால் வாடிய உழவர்களின் இழப்பீட்டுக்காகவும் மறுபடி ஆணையிட நேர்ந்தது. தத்துவம் எங்கும் ஒன்றே. அதை நாள்தோறும் காக்கின்ற அதிகாரியும், கெடுவைத்துக் கணக்குக் கேட்கின்ற அரசும், கேள்வி எழுப்புகின்ற பிரஜைகளும் அமைகின்ற இடத்திலேதான் அது பலன் தருகிறது. ஆகவே, ஒரு புதிய ஆலையோ மாளிகையோ எழும்போது, அதனால் வருகின்ற லாபம் எவ்வளவு என்று வினவுவதற்கு முன், அதன் கடைமடையில் இருப்பவர் யார், அவருக்காக மடையைக் காப்பவர் யார் என்று வினவுதல் நம் ஒவ்வொருவருடைய உரிமையும் கடமையும் ஆகும்.