அன்றாட உடைக்கு இலக்கணம் வகுத்தவர்

ஆடைத் தொழிலில் 'பேசிக்ஸ்' என்று குறிக்கப்படும் அடிப்படை உடைகள், குறிப்பிட்ட ஒரு விழாவுக்கோ பருவத்துக்கோ உரியவையாக இல்லாமல் ஆண்டு முழுவதும் மாற்றி மாற்றி அணியத்தக்கவையாகவும், எந்த மேலாடையும் எந்தக் கீழாடையோடும் பொருந்தும்படி அமைந்தவையாகவும், அலங்கார வேலைப்பாடு குறைந்தவையாகவும் இருக்கும். ஒற்றை நிற டி-ஷர்ட், வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், டெனிம் பாவாடை, இடுப்பில் சுற்றி முடிந்துகொள்ளும் கவுன், குதி உயராத காலணி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. துணிக்கடையில் ஜரிகையும் சமிக்கியும் மின்னும் வரிசைகளைக் கடந்து போய் இவற்றைத் தேடி எடுக்கும் இளம்பெண்களின் ரசனை வெறும் சிக்கனமோ சோம்பலோ அன்று. துணியின் தரம், வெட்டின் நேர்த்தி, உடம்பில் அது விழும் விதம் ஆகியவற்றை அறிந்து தேர்ந்தெடுக்கும் அறிவு அதில் இருக்கிறது. அலங்காரம் மிகுந்த உடையில் தையலின் குறையை வேலைப்பாடு மறைத்துவிடும். எளிய உடையில் மறைப்பதற்கு எதுவும் இல்லை. இத்தகைய உடைகளைப் பெண்களின் அன்றாட வழக்கமாக்கியவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் கிளேர் மெக்கார்டெல் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். அவருடைய பெயர் ஷனேல், தியோர் ஆகிய பாரிஸ் வடிவமைப்பாளர்களின் பெயர்களைப் போலப் பரவாமற்போனது உடை வரலாற்றில் நேர்ந்த பெரிய அநீதிகளுள் ஒன்று.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஃபிரடெரிக் என்னும் சிற்றூரில் 1905-ஆம் ஆண்டு பிறந்த மெக்கார்டெல், தாயாரின் இதழ்களிலிருந்து உடைப் படங்களை வெட்டியெடுத்து விளையாடியும், வீட்டுக்கு வந்து தைத்துக்கொடுத்த தையற்காரப் பெண்ணின் வேலையை அருகிலிருந்து கவனித்தும் வளர்ந்தவர். பிற்காலத்தில் பார்சன்ஸ் என்று பெயர் பெற்ற நியூயார்க் கலைப்பள்ளியில் உடை வடிவமைப்பைப் பயின்ற அவர், அப்பள்ளியின் பாரிஸ் கிளையிலும் ஓராண்டு தங்கிப் படித்தார். புகழ்பெற்ற வடிவமைப்பாளர்களின் மாதிரி உடைகள் பருவம் முடிந்தபின் அந்நகரில் குறைந்த விலைக்குக் கிடைத்தன. அவற்றுள் மதலேன் வியோனே தைத்தவற்றை வாங்கிய மெக்கார்டெல், அணிந்து மகிழ்ந்ததோடு நில்லாமல், தையலைப் பிரித்து ஒவ்வொரு துண்டும் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து, மறுபடியும் இணைத்துக் கற்றுக்கொண்டார். உடை வாங்குவதில் ஓர் இளம்பெண்ணுக்கு இருக்கும் ஆசை, தொழிலறிவாக மாறும் இடம் இது.

வியோனே புகழ்பெற்றது, தமிழ்நாட்டுத் தையற்காரர்கள் 'கிராஸ் கட்டிங்' என்று சொல்லும் சாய்வு வெட்டுக்காக. நெய்த துணியில் பாவு நூல் நெடுக்காகவும் ஊடை நூல் குறுக்காகவும் ஓடுவதால், அவ்விரண்டு திசைகளிலும் இழுத்தால் துணி அதிகம் நீளாது. ஆனால் மூலைவாட்டில் இழுத்தால் நன்றாகக் கொடுக்கும். பாவுக்கு நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் வெட்டித் தைத்த உடை, இறுக்கிப் பிடிக்காமலேயே உடம்பின் வளைவுகளைத் தழுவி விழுவதற்கு இதுவே காரணம். துணிக்குள் எலும்பும் கம்பியும் வைத்து உருவத்தை உண்டாக்காமல், வெட்டினாலேயே உருவம் தரலாம் என்ற இந்தப் பாடம் மெக்கார்டெலின் வேலை முழுவதிலும் காணப்படுகிறது.

நியூயார்க்கில் ஆயத்த ஆடைத் தொழில் குவிந்திருந்த செவன்த் அவென்யூ வட்டாரத்தில், டவுன்லி ஃபிராக்ஸ் என்ற நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்த மெக்கார்டெல், தலைமை வடிவமைப்பாளர் 1932-இல் நீரில் மூழ்கி இறந்ததால் அவர் விட்டுச்சென்ற வேலையை முடிக்கும் பொறுப்பை ஏற்றார். அக்காலத்து அமெரிக்க உடை நிறுவனங்கள், ஆண்டுதோறும் பாரிஸுக்கு ஆளனுப்பி அங்குக் காட்சிக்கு வந்தவற்றை வரைந்துகொண்டு வந்து, மலிவான துணியில் நகல் எடுத்து விற்றுவந்தன. அப்படி நகலெடுக்க மெக்கார்டெலுக்கு மனம் ஒப்பவில்லை. பாரிஸின் உடைகள், வண்டியிலிருந்து இறங்கக் கைகொடுக்க ஒருவரும் பின்புறக் கொக்கிகளைப் போட்டுவிட ஒரு பணிப்பெண்ணும் உள்ள சீமாட்டிகளுக்காகத் தைக்கப்பட்டவை. அலுவலகத்துக்கு ரயிலில் போய்வந்து, தன் சமையலைத் தானே செய்துகொள்ளும் பெண்ணின் நாள் வேறு வகையானது.

இந்த வேறுபாட்டை அவர் எவ்வளவு முன்னதாகவே உணர்ந்திருந்தார் என்பதற்கு 1934-இல் அவர் உருவாக்கிய ஐந்து உடைகளின் தொகுதி சான்றாகும். பயணத்தின்போது பெரிய பெட்டிகளைத் தூக்கிச் செல்வதில் சலிப்புற்றிருந்த அவர், கறுப்புக் கம்பளி ஜெர்சித் துணியில், ஒன்றோடொன்று மாற்றி அணியக்கூடிய மேலாடைகளையும் கீழாடைகளையும் தைத்தார். ஜெர்சி என்பது பாவும் ஊடையுமாக நெய்யப்படாமல், ஒரே நூலை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னிய துணி. திருப்பூரில் பனியன் துணி என்று வழங்கப்படுவதும் இதே பின்னல் முறையில் உருவாவதுதான். வளையங்கள் விரிந்து சுருங்குவதால் இத்துணி மடித்துவைத்தாலும் எளிதில் கசங்காது, உடம்பின் அசைவுக்கும் இடம் கொடுக்கும். தொகுதியின் பயன் எளிய பெருக்கலில் விளங்கும்: மேலாடை இரண்டும் கீழாடை மூன்றும் இருந்தால் ஆறு விதமாக உடுத்தலாம், மேலாடை ஒன்று கூடினால் ஒன்பது விதமாகும்.

கடைக்காரர்கள் இதனை ஏற்கவில்லை. உடை என்றால் முழுத் தொகுப்பாகத்தான் விற்க வேண்டும், தனித்தனியாக விற்றால் எந்தப் பிரிவில் வைப்பது, எப்படி விலைபோடுவது என்பன அவர்களுடைய கவலைகள். தனித்தனியாக விற்பதில் பெண்களுக்கு இருந்த மற்றொரு நன்மை இன்றும் போதிய அளவு பேசப்படுவதில்லை: மார்பளவும் இடுப்பளவும் ஒரே அளவெண்ணுக்குள் அடங்காத பெண்கள் ஏராளம், அவர்களுக்கு முழு உடையாகத் தைத்த எதுவும் ஓரிடத்தில் பிடிக்கும், ஓரிடத்தில் தொங்கும். மேலாடையை ஓர் அளவிலும் கீழாடையை வேறோர் அளவிலும் வாங்கலாம் என்றாகும்போது இந்தத் தொல்லை பெருமளவு நீங்குகிறது. தமிழ்நாட்டுக் கடைகளில் சுடிதார் 'செட்' என்பதோடு நில்லாமல், குர்த்தியைத் தனியாகவும் லெகின்ஸைத் தனியாகவும் விற்கும் வழக்கம் பரவியபோது இளம்பெண்கள் அதனை உடனே ஏற்றுக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெக்கார்டெலின் பெயர் வெளியே தெரியத் தொடங்கியது 1938-இல், 'மொனாஸ்டிக்' என்று அழைக்கப்பட்ட கவுனால். துறவியரின் அங்கியை நினைவூட்டும் அந்த உடைக்கு இடுப்பில் தையல் கிடையாது. சாய்வு வெட்டில் தோளிலிருந்து நேராகத் தொங்கும் துணியை, அணிபவரே தமக்கு வேண்டிய இடத்தில் கச்சையால் இறுக்கிக்கொள்ள வேண்டும். கொக்கியில் மாட்டிவைத்தால் அது வெறும் சாக்கு போலத் தெரிந்தது. மாட்டியிருக்கும் நிலையிலேயே கண்ணைக் கவர்வதை அத்தொழிலில் 'ஹேங்கர் அப்பீல்' என்பார்கள். மெக்கார்டெலின் உடைகளுக்கு அது இல்லை என்பதே விற்பனையாளர்களின் நிலையான குறை. உடம்பில் ஏறியபின்தான் அவற்றின் அழகு புலப்படும், எனவே அணிந்து பார்க்காமல் அவற்றை மதிப்பிட முடியாது. அந்தக் கவுன் விற்பனைக்கு வந்ததும் பெண்கள் அதனை விரும்பி வாங்கினர். பிற நிறுவனங்களும் நகலெடுத்துக் குவித்தன. நகல்களை எதிர்த்த போராட்டத்தில் ஓய்ந்துபோன டவுன்லி நிறுவனம் சிறிது காலம் மூடப்பட்டு, 1940-இல் மீண்டும் திறந்தபோது, உடையின் சீட்டில் வடிவமைப்பாளரின் பெயரையும் அச்சிட்டது. அக்கால அமெரிக்க ஆயத்த ஆடைத் தொழிலில் இது அரிதாகவே கிடைத்த மதிப்பு.

இரண்டாம் உலகப் போரில், அதே 1940-இல் ஜெர்மானியப் படை பாரிஸைக் கைப்பற்றியதால் நகலெடுக்க வழியின்றிப்போன நியூயார்க், தன் வடிவமைப்பாளர்களையே நம்ப வேண்டியதாயிற்று. 1942-இல் அமெரிக்க அரசு, போருக்குத் துணியை மிச்சப்படுத்துவதற்காக, பாவாடையின் சுற்றளவு முதலியவற்றுக்கு வரம்பு விதித்தது. வீட்டுப் பணிப்பெண்கள் பலர் ஆயுதத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டதால், நடுத்தர வீடுகளின் பெண்கள் சமையலையும் துப்புரவையும் தாங்களே பார்க்கத் தொடங்கினர். அவர்களுக்காக மெக்கார்டெல் அவ்வாண்டில் உருவாக்கிய 'பாப்-ஓவர்' கவுனைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். தலைவழியாகப் போடாமல் முன்புறம் சுற்றிக் கட்டும் அமைப்பு என்பதால், உள்ளே எந்த உடை இருந்தாலும் அதன்மேல் அணியலாம். துணி, அதுவரை பெரும்பாலும் உழைப்பாளிகளின் உடைக்கு உரியதாயிருந்த டெனிம். விளிம்புகளில் ஜீன்ஸில் உள்ளது போன்ற இரட்டைத் தையல். இடுப்புப் பக்கத்தில் கை முழுவதும் நுழையும் அளவுக்குப் பெரிய பை. சூடான பாத்திரத்தைப் பிடிப்பதற்கான கையுறை ஒன்று நாடாவால் உடையோடே இணைக்கப்பட்டிருந்தது. விலை 6 டாலர் 95 சென்ட். வேலை உடையாகத் தோன்றிய இந்த வடிவம் பிற்பாடு வேறுவேறு துணிகளில் விருந்து உடையாகவும் கடற்கரை உடையாகவும் அவருடைய தொகுதிகளில் ஆண்டுதோறும் இடம்பெற்றது.

குதி உயராத பாலே காலணி தெருவுக்கு வந்ததிலும் போருக்குப் பங்குண்டு. தோல் தட்டுப்பாட்டால் 1943-இல் அமெரிக்காவில் காலணிக்குப் பங்கீடு வந்தது. நடனக் காலணிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நடனக் காலணி செய்த கபேசியோ நிறுவனத்திடம் சொல்லி, அதற்குக் கெட்டியான அடிப்பாகம் வைத்துத் தம் உடைகளுக்கு ஏற்பச் செய்வித்தார் மெக்கார்டெல். இன்று எந்தச் செருப்புக் கடையிலும் கிடைக்கும் 'பெல்லி' வகைக் காலணியின் முன்னோடி அது.

பெண்களின் உடையில் பை வைப்பதை அவர் கொள்கையாகவே கொண்டிருந்தார். பை வைத்தால் இடுப்பின் வரி கெடும் என்பது வடிவமைப்பாளர்கள் பலரின் வாதம். தையல் நேரமும் துணியும் மிச்சமாகும் என்பது சொல்லப்படாத காரணமாக இருக்கக்கூடும். மெக்கார்டெல் பாவாடையிலும் கவுனிலும் மாலை உடையிலும் பை வைத்தார். பையில் கைவிட்டு நிற்கும் பெண்ணின் தோரணையே மாறிவிடுகிறது என்பதையும், சாவியும் காசும் உடம்போடு இருந்தால் கைகள் இரண்டும் வேலைக்கு விடுபடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். கொக்கியையும் பொத்தானையும் கூட முன்புறமோ பக்கவாட்டிலோ வைத்தார். தனியே வசிக்கும் பெண் தன் உடையைத் தானே போட்டுக்கொள்ள முடிய வேண்டும் என்பதே காரணம்.

1947-இல் கிறிஸ்தியான் தியோர் பாரிஸில் அறிமுகப்படுத்திய 'நியூ லுக்', இறுக்கிய இடுப்பையும் கணக்கற்ற கெஜத் துணி கொண்ட பாவாடையையும் திரும்பக் கொண்டுவந்து உலகையே கவர்ந்தது. அக்காலத்திலும் மெக்கார்டெல் தம் வழியை விடவில்லை. 'டைம்' வார இதழ் 1955-இல் அவரை அட்டைப்படத்தில் வெளியிட்டது. உடையில் எது, எங்கே, எப்போது, எவ்வளவு என்பவற்றைப் பெண்களுக்கு விளக்கும் நூல் ஒன்றை அவர் அடுத்த ஆண்டில் வெளியிட்டார். 1958-இல் ஐம்பத்திரண்டு வயதில் புற்றுநோயால் இறந்தார். அதன்பின் அவருடைய பெயரில் நிறுவனம் தொடராததும் அவர் மறக்கப்பட்டதற்கு ஒரு காரணம். ஷனேல், தியோர் ஆகியோரின் நிறுவனங்கள் இன்றளவும் வாசனைத் திரவியம் விற்றுக்கொண்டு அவர்களின் பெயர்களைக் காத்துவருகின்றன.

அவருடைய எண்ணமோ வேறு பெயர்களில் வாழ்ந்தது. லண்டனில் 1970-களில் துணிக்கடை நடத்திய சூசி ஃபோ, சில நல்ல உடைகளை மட்டும் வாங்கி அவற்றைப் பருவத்துக்கேற்ற பிறவற்றோடு சேர்த்து அணியும் முறையைக் 'கேப்ஸ்யூல் வார்ட்ரோப்' என்ற பெயரில் பரப்பினார். நியூயார்க்கில் டோனா கரன் 1985-இல் தம் பெயரிலான முதல் தொகுதியை ஏழு உடைகளோடு வெளியிட்டார். அலுவலகத்திலிருந்து நேரே விருந்துக்குப் போகும் பெண் அவற்றை மாற்றிமாற்றி அணியலாம் என்பது அதன் அடிப்படை. மெக்கார்டெல் ஐந்து ஜெர்சி உடைகளைப் பெட்டியில் அடுக்கி அப்போது அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

இன்று அடிப்படை உடை வாங்கும் இளம்பெண்ணுக்கு, மலிவு விலையும் வாரந்தோறும் மாறும் வரவுகளும் நல்லதைப் பிரித்தறிவதைக் கடினமாக்கியிருக்கின்றன. மெக்கார்டெலைப் போலத் தையலைப் பிரித்துப் பார்க்க எந்தக் கடையும் விடாது என்றாலும், உடையை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை. டி-ஷர்ட் என்றால் பக்கத் தையல் நேராக இறங்குகிறதா, முன்புறம் நோக்கித் திருகிக்கொண்டு போகிறதா என்று கவனிக்க வேண்டும். பின்னலின் வளையங்கள் சாய்ந்திருந்தால் துவைக்கத் துவைக்க அத்திருகல் கூடும். கழுத்துப் பட்டியை இழுத்து விட்டால் பழைய நிலைக்கு மீள வேண்டும். தோள் தையலின் உள்ளே மெல்லிய நாடா வைத்துத் தைத்திருந்தால் தோள் தொய்ந்துபோகாது. நெய்த துணி என்றால் இடுப்புத் தையலின் இருபுறமும் பிடித்து இலேசாக இழுத்து நூலிடை தெரிகிறதா என்று பார்க்கலாம். தைப்பில் உள்ளே விடப்பட்ட துணி சற்று அகலமாக இருந்தால் பின்னால் பிரித்து அளவு கூட்டலாம். கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்ப்பது மட்டும் போதாது. அதே உடையோடு உட்கார வேண்டும், கையை மேலே தூக்க வேண்டும், குனிய வேண்டும், பையில் கைபேசியை வைத்து நாலடி நடக்க வேண்டும். பை தைக்கப்பட்டது போல வெறும் மடிப்பு மட்டும் வைத்து ஏமாற்றும் பாவாடைகளும் பேன்ட்டுகளும் கடைகளில் ஏராளமாக இருப்பதால், விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே அந்தச் சோதனையை முடித்துக்கொள்வது நல்லது.