பித்தப்பையில் கல்: எல்லோருக்கும் அறுவைசிகிச்சை தேவையா?

தீபாவளி விருந்து முடிந்த இரவு. அம்மா அன்றைக்கு மட்டன் பிரியாணியை ஒரு கை பார்த்திருக்கிறார். நடுராத்திரியில் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறார்.

"ஒண்ணும் இல்லப்பா, காஸ்ட்ரிக்தான்."

கோடாலித் தைலம், வெந்நீர், ஒரு மாத்திரை. இரண்டு மணி நேரத்தில் வலி போய்விடுகிறது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் வருகிறது.

இப்படிச் சில முறை வந்த பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், பித்தப்பையில் கல் இருப்பதாகத் தெரியவரலாம். உடனே வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். "சீக்கிரம் ஆபரேஷன் செஞ்சிடு" என்பது ஒன்று. "கத்தியே வேணாம், வாழைத்தண்டு ஜூஸ் குடி" என்பது இன்னொன்று. மருத்துவர் சொல்வதை அம்மாவுக்கும் பாட்டிக்கும் தமிழில் எடுத்துச்சொல்லும் வேலை பெரும்பாலும் வீட்டின் இளையவருக்குத்தான் வரும்.

அந்த இளையவர் நீங்கள் என்றால், சில விவரங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், எந்தக் கல்?

தமிழில் எல்லாவற்றுக்கும் 'கல்லு' என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சிறுநீரகக் கல் வேறு, பித்தப்பைக் கல் வேறு.

சிறுநீரகக் கல் சிறியதாக இருந்தால் சிறுநீரோடு வெளியேற வாய்ப்புண்டு. அதனால்தான் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். வாழைத்தண்டு வைத்தியமும் அந்தக் கல்லுக்காகச் சொல்லப்படுவதுதான். பித்தப்பைக்கும் சிறுநீருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அந்தக் கல் கரையாது.

பித்தப்பை, கல்லீரலுக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஒரு சின்னப் பை. நீளம் 7 முதல் 10 சென்டிமீட்டர். கல்லீரல் சுரக்கும் பித்தநீரை அது சேர்த்துவைக்கிறது. கொழுப்புள்ள உணவு குடலுக்குள் வரும்போது பை சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றும். பித்தநீரில் கொழுப்புச்சத்து அளவுக்கு மேல் சேர்ந்தால், அது மெல்ல மெல்லக் கெட்டியாகிக் கல்லாகிறது. மணல்துகள் அளவிலும் இருக்கும், கோலிக்குண்டு அளவிலும் இருக்கும்.

பெண்கள், 40 வயதைத் தாண்டியவர்கள், உடல் எடை அதிகமுள்ளவர்கள், குடும்பத்தில் வேறு யாருக்காவது கல் இருப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். கர்ப்பகாலமும் ஒரு காரணம். 'கிராஷ் டயட்' இருந்து மளமளவென்று எடையைக் குறைப்பவர்களுக்கும் கல் வரலாம். இளையர்கள் கவனிக்கவேண்டியது அது.

கல் இருந்தாலே ஆபரேஷனா?

இல்லை. பித்தப்பையில் கல் உள்ள 5 பேரில் சுமார் 4 பேருக்கு எந்தத் தொந்தரவும் வருவதில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கண்டுபிடிக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பொதுவாக அறுவைசிகிச்சை தேவைப்படாது. கல் மிகப் பெரிதாக இருந்தாலோ பித்தப்பையின் சுவரில் மாற்றம் தெரிந்தாலோ மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லலாம்.

ஆனால் வலி வர ஆரம்பித்துவிட்டால் கதை மாறுகிறது. பை சுருங்கும்போது கல் அதன் வாயில் போய் அடைத்துக்கொள்வதால் வரும் வலி அது. மேல்வயிற்றின் நடுவில் அல்லது வலப்பக்கத்தில் தொடங்கி, முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ பரவும். அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரம்வரை நீடிக்கும். கல் விலகியதும் வலி நின்றுவிடும். அதனால்தான் பலர் அதைக் காஸ்ட்ரிக் என்று நம்பிக்கொண்டே பல மாதங்களை ஓட்டிவிடுகிறார்கள். ஒருமுறை வலி வந்தவருக்கு மறுபடியும் வரும் சாத்தியம் அதிகம். அவர்களுக்குத்தான் அறுவைசிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

கல்லை மட்டும் எடுக்கக்கூடாதா?

பாட்டி நிச்சயம் கேட்கும் கேள்வி இது. "கல்லை எடுத்துட்டுப் பையை விட்டுடலாமே?"

நியாயமான கேள்விதான். 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்களும் முதலில் அப்படித்தான் செய்தார்கள். பையைத் திறந்து கல்லை எடுத்தார்கள், கல் மீண்டும் வந்தது. பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்ற அறுவைசிகிச்சை மருத்துவர் 1882ஆம் ஆண்டில் முதன்முறையாகப் பித்தப்பையையே அகற்றினார். கல் உருவாகும் இடமே அந்தப் பைதான் என்பது அவர் வாதம். இன்றுவரை அந்த வாதம் மாறவில்லை.

பித்தப்பை இல்லாமல் வாழலாமா? வாழலாம். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை போனபிறகு பித்தநீர் நேராகக் குடலுக்குள் சொட்டிக்கொண்டிருக்கும். சிலருக்குக் கொஞ்ச காலம் வயிற்றுப்போக்கு இருக்கலாம். பெரும்பாலோர் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

எப்படிச் செய்கிறார்கள்?

முன்பு வயிற்றை நீளமாகக் கிழிக்கவேண்டியிருந்தது. 1985இல் ஜெர்மானிய மருத்துவர் எரிக் மூஹே சிறு துளை வழியாகப் பித்தப்பையை அகற்றிக் காட்டினார். அப்போது சக மருத்துவர்கள் அவரை ஏற்கவில்லை. இப்போது அந்த முறைதான் வழக்கம்.

முழு மயக்கமருந்து கொடுத்து, வயிற்றில் பொதுவாக 4 சிறு துளைகள் போடுவார்கள். உள்ளே இடம் உண்டாக்கக் கரியமிலவாயுவைச் செலுத்துவார்கள். அதனால் சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் தோள் வலிக்கலாம். வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள் ஏன் வலிக்கிறது என்று பயப்படவேண்டாம். பலர் அன்றே அல்லது மறுநாளே வீடு திரும்புகிறார்கள். அலுவலக வேலைக்குப் போக ஓரிரு வாரம் ஆகும். கனமான பொருள்களைத் தூக்க இன்னும் சில வாரம் பொறுக்கவேண்டும்.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. ரத்தக்கசிவு, கிருமித்தொற்று ஆகியவை வரலாம். பித்தநாளத்தில் காயம்படுவது அரிது, சுமார் ஆயிரத்தில் 3 முதல் 5 பேருக்கு அப்படி நேரலாம். ஆனால் நேர்ந்தால் அது பெரிய பிரச்சினை. சில நேரம் துளைமுறையைப் பாதியில் நிறுத்தி, வயிற்றைத் திறந்து செய்யவேண்டிவரும். ஒப்புதல் படிவத்தில் இவையெல்லாம் இருக்கும். அம்மா கையெழுத்துப் போடும் முன் நிதானமாகப் படித்துச் சொல்லுங்கள்.

மருந்தில் கரைக்க முடியாதா?

சில சிறிய கொழுப்புக் கற்களைக் கரைக்க மாத்திரை உண்டு. மாதக்கணக்கில், சிலருக்கு ஈராண்டுவரை சாப்பிடவேண்டும். நிறுத்தியபின் பலருக்குக் கல் திரும்ப வருகிறது. அறுவைசிகிச்சை தாங்கமுடியாத சிலருக்கே அது பொருந்தும்.

ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் குடித்தால் கல் வெளியே வந்துவிடும் என்ற காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பச்சை உருண்டைகள் வெளியே வருவது உண்மைதான். ஆனால் அவை கற்கள் அல்ல. குடித்த எண்ணெய் வயிற்றுக்குள் சோப்பு போலத் திரண்டு வருவது அது.

எப்போது காத்திருக்கக்கூடாது?

வலி 6 மணி நேரத்தைத் தாண்டினால், காய்ச்சலோ குளிரோ சேர்ந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அவசரசிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். பித்தப்பை வீங்கியிருக்கலாம், அல்லது கல் நழுவிப் பித்தநாளத்தை அடைத்திருக்கலாம். அடைப்பு கணையத்தைப் பாதித்தால் உயிருக்கே ஆபத்து. நாளத்தில் சிக்கிய கல்லை வாய்வழியாகக் குழாய் செலுத்தி எடுக்கும் முறை உண்டு. பித்தப்பையை அகற்றுவது அதற்குப் பின் நடக்கலாம். முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலி குறைவாகத் தெரியலாம். அவர்கள் "பரவாயில்ல" என்று சொல்வதை அப்படியே நம்பிவிடவேண்டாம்.

செலவு எப்படி?

அவசரம் இல்லையென்றால் பலதுறை மருந்தகத்தில் தொடங்குவது நல்லது. அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் தகுதியுள்ளோர் மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கலாம். அறுவைசிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தைக் குறிப்பிட்ட வரம்புவரை பயன்படுத்தலாம். பெரிய கட்டணத்துக்கு மெடிஷீல்ட் லைஃப் கைகொடுக்கும். வார்டு வகையைப் பொறுத்துத் தொகை மாறும். சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் மருத்துவமனைவாரியாகக் கட்டண விவரம் இருக்கிறது. போகும் முன் பார்த்துவையுங்கள்.

மருத்துவரிடம் என்ன சொல்லவேண்டும்?

வலி வந்த தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, அதற்குமுன் என்ன சாப்பிட்டார் என்பதைக் கைபேசியில் குறித்துவைத்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. அம்மா சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் எடுத்துச்செல்லுங்கள். ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை, நீரிழிவு மாத்திரை, ஊரிலிருந்து வந்த சூரணம், லேகியம் எல்லாம் அதில் அடக்கம். அறுவைசிகிச்சைக்கு முன் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்யவேண்டும். "அது மருந்தில்லம்மா, சும்மா சத்துக்கு" என்று அம்மா எடுத்துவைத்தாலும், நீங்கள் அதைத் திரும்பப் பைக்குள் போடுங்கள்.