கோவலன் கேசுக்கு வகுப்பறையில் "கோர்ட்டு"!

பூந்தமல்லியிலும் அம்பத்தூரிலும் கோர்ட்டு உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று உங்கள் பையனைக் கேளுங்கள். சினிமாவில் பார்த்த சுத்தியலைத்தான் சொல்வான். (நம்ம ஊர் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதே இல்லை!)

வகுப்பிலேயே மாதிரி விசாரணை நடத்தலாமே. கோவலன் கேசே போதும்.

பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான், கோவலன் உயிர் போச்சு! சாட்சி இல்லை; குறுக்கு விசாரணை இல்லை. சிலம்பை உடைத்துப் பார்த்ததே பிறகுதான். உள்ளே மாணிக்கம்! அரசியின் சிலம்பிலோ முத்து.

இன்று பிடித்தால்? அரசியல் சட்டம் 22-வது பிரிவுப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். வக்கீல் வைக்க உரிமை உண்டு. கண்ணகிக்கோ 1987-ம் ஆண்டு சட்டப்படி இலவச வக்கீலே கிடைப்பார்.

"சரி, பொற்கொல்லனுக்கு யாருடா வக்கீல்?" என்று கேட்டால் ஒரு கையும் தூக்காது. வாத்தியாரே ஒருத்தனைப் பிடித்து நிறுத்த வேண்டியதுதான்.